தண்ணீரைச் சுமந்து பாலைக்குள்: முதுகுப்பையோடு முதல் முறை போகிறவர்களுக்கு

ஹரிக்கேன் வாஷ் என்கிற வறண்ட ஓடையில், மணலில் கால் புதையப் புதைய இரண்டு மணி நேரத்துக்கு மேல் நடந்த பிறகு, ஓரிடத்தில் மணலின் நிறம் கொஞ்சம் அடர்த்தியாகும். இன்னும் கொஞ்ச தூரம் போனால் நாம் காலை எடுத்த தடத்தில் ஈரம் ஊறும். அப்புறம் விரல் கனத்துக்கு ஒரு நீர்க்கோடு. மேலிருந்து ஓடி வந்த தண்ணீர் இல்லை அது, அந்த இடத்திலேயே தரையிலிருந்து கசிகிறது. இன்னும் கீழே போகப் போக அது கணுக்கால் அளவு ஓடையாகி, இரண்டு பக்கமும் காட்டன்வுட் மரங்கள் பச்சைப் பசேலென்று நிற்கும், எங்கோ ஒரு தவளை கத்தும். முதல் முறை அதைப் பார்த்தபோது பையைக் கழற்றிப் போட்டுவிட்டு அந்த ஈர மணலிலேயே உட்கார்ந்துவிட்டேன். கண்ணில் நீர் வந்துவிட்டது.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தின் தெற்கே, எஸ்கலாண்டே என்ற சின்ன ஊருக்கு அப்பால் இருக்கிறது அந்த இடம். அதற்குப் பிறகு பல முறை போய்விட்டேன், புதியவர்களையும் கூட்டிப் போயிருக்கிறேன். எனக்குப் புரிந்தது இதுதான்: பாலைநிலம் தருகிற சந்தோஷமும் அது நம்மிடம் கேட்கிற ஏற்பாடும் வேறு வேறு இல்லை. தண்ணீரை லிட்டர் லிட்டராக எண்ணிச் சுமந்தவருக்குத்தான் அந்தக் கசிவு அப்படித் தெரியும். அதனால் சாமான் கணக்கை ஒரு பக்கமும் ஆன்மிகத்தை இன்னொரு பக்கமும் வைத்து எழுத எனக்கு வரவில்லை, இரண்டையும் கலந்தே எழுதுகிறேன்.

எங்கே, எப்போது

முதல் முறைக்கு நான் எல்லோருக்கும் சொல்வது கயோட்டி கல்ச். எஸ்கலாண்டே ஆற்றின் கிளைப் பள்ளத்தாக்கு, முதலில் சொன்ன ஹரிக்கேன் வாஷ் வழியாக அதற்குள் இறங்கலாம். காரணம் ஒன்றுதான், அங்கே வருடம் முழுக்கத் தண்ணீர் ஓடுகிறது. கேன்யன்லேண்ட்ஸ் தேசியப் பூங்காவின் நீடில்ஸ் பகுதியும் பிரமாதமான இடம்தான், ஆனால் அங்கே பல வழிகளில் நம்பக்கூடிய தண்ணீர் கிடையாது, மூன்று நாளுக்கு வேண்டியதை முதுகிலேயே கொண்டு போக வேண்டியிருக்கும். அது இரண்டாவது, மூன்றாவது பயணத்துக்கு இருக்கட்டும்.

காலம் என்றால் ஏப்ரல் முதல் மே நடு வரை, அல்லது செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் முடிய. ஜூனில் வெயில் கொல்லும். ஜூலை முதல் செப்டம்பர் வரை பிற்பகல் இடிமழைக் காலம், அதன் ஆபத்தைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன். எத்தனை நாள்? குறைந்தது இரண்டு இரவு. ஒரே இரவு என்றால் மனசு ஊரிலிருந்து வந்து சேர்வதற்குள் திரும்பும் நேரம் வந்துவிடும்.

கிளம்பும் முன்

எஸ்கலாண்டே ஊரிலுள்ள விசிட்டர் சென்டருக்கு நேரில் போங்கள். இரவு தங்குவதற்குப் பர்மிட் வேண்டும். அதைவிட முக்கியம், அங்கிருக்கும் ரேஞ்சரிடம் மூன்று கேள்விகள்: எங்கே தண்ணீர் இருக்கிறது, மண் சாலை எப்படி இருக்கிறது, அடுத்த மூன்று நாள் வானிலை என்ன. கயோட்டி கல்ச்சில் நெருப்பு மூட்டக்கூடாது, நாயைக் கூட்டிப் போகக்கூடாது, மனிதக் கழிவை அங்கே புதைக்கவும் கூடாது. அதற்கென்று விற்கிற பைகளில் கட்டி வெளியே எடுத்து வர வேண்டும். முதலில் கேட்பவர்கள் முகம் சுளிப்பார்கள். ஒடுங்கிய ஒரு பள்ளத்தாக்கு, அதில் ஒரே ஓடை, வருடத்துக்கு எத்தனையோ பேர் வந்து தங்குகிறார்கள், எல்லோரும் குடிப்பது அந்தத் தண்ணீரைத்தான். இதை யோசித்தால் சுளிப்பு போய்விடும்.

ஹோல் இன் த ராக் என்ற மண் சாலையில் ஏறத்தாழ 55 கிலோமீட்டர் போனால் ஹரிக்கேன் வாஷ் தொடக்கம். 1879-80 குளிர்காலத்தில் மார்மன் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடியேறிகள் மாட்டு வண்டிகளோடு போன வழி அது. இப்போதும் உடம்பில் இருக்கிற எலும்பையெல்லாம் குலுக்கி எடுக்கும். மழை பெய்தால் களிமண்ணாகி வண்டி நகராது. எஸ்கலாண்டேவிலேயே பெட்ரோல் நிரப்புங்கள், ஸ்டெப்னி டயரில் காற்று இருக்கிறதா பாருங்கள், காரில் ஆளுக்குக் குறைந்தது 4 லிட்டர் தண்ணீர் தனியாக வையுங்கள். இந்தத் தண்ணீரைப் பைக்குள் எடுத்துப் போகாதீர்கள். களைத்துத் திரும்பி வரும்போது குடிக்க அது காரில் இருந்தாக வேண்டும்.

ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். எந்த வழியாக இறங்குகிறீர்கள், எங்கே தங்குகிறீர்கள், எந்த நாள் எத்தனை மணிக்குள் கூப்பிடுவீர்கள், கூப்பிடாவிட்டால் யாருக்குச் சொல்ல வேண்டும், எல்லாவற்றையும் எழுதியே கொடுங்கள். 2003 ஏப்ரலில் இதே யூட்டாவின் புளூஜான் பள்ளத்தாக்கில் ஆரன் ரால்ஸ்டன் என்ற இளைஞரின் கையை ஒரு பாறை சுவரோடு நசுக்கிப் பிடித்துக்கொண்டது. எங்கே போகிறேன் என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஐந்து நாட்களுக்கு மேல் சிக்கியிருந்து, கடைசியில் தன் கையைத் தானே அறுத்துக்கொண்டு வெளியே வந்தார். கையில் சாட்டிலைட் கருவி இருந்தால் நல்லதுதான், செல்போன் அங்கே எடுக்கவே எடுக்காது. ஆனாலும் ஊரில் ஒருவர் நம் பெயரைச் சொல்லிக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது தருகிற தைரியம் வேறு.

முதல் முறை தனியாகப் போக வேண்டாம் என்பேன். எவரெட் ரூஸ் என்ற ஓவியர், 20 வயது, 1934இல் இரண்டு கழுதைகளோடு இதே எஸ்கலாண்டே பள்ளத்தாக்குகளுக்குள் தனியாகப் போனார். பக்கத்திலிருக்கும் டேவிஸ் கல்ச்சில் தேடியவர்களுக்குக் கழுதைகள் கிடைத்தன, அவர் கிடைக்கவில்லை. தனிமை வேண்டுமென்றால் கூட வருபவர்களோடு பேசி வைத்துக்கொண்டு கூப்பிடு தூரத்தில் தனியாக உட்காரலாம். அதுவே போதுமான தனிமை, நம்புங்கள்.

தண்ணீர்க் கணக்கு

மிதமான வெயிலில் நடக்கிற ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர். வெயில் ஏறினால் இன்னும் அதிகம். ஒரு லிட்டர் ஒரு கிலோ, ஆக 4 லிட்டர் என்பது முதுகில் 4 கிலோ. தொடக்கத்தில் சுமார் 8 கிலோமீட்டர் வறண்ட நடைதான், ஆனாலும் முழு 4 லிட்டரோடு இறங்குங்கள். கீழே தண்ணீர் இருக்கிறது என்பது உண்மை. கால் சுளுக்கி நடுவழியில் உட்கார்ந்துவிட்டால் அந்த உண்மையால் பயன் இல்லை. ஒரே பெரிய பையில் எல்லாவற்றையும் ஊற்றாதீர்கள், அது முள்ளில் கிழிந்தால் மொத்தமும் போச்சு. இரண்டு மூன்று புட்டிகளாகப் பிரித்து வையுங்கள்.

தாகம் எடுக்கும் முன்னே கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள், கூடவே உப்பும் சேர வேண்டும். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து, தலைவலி, குமட்டல், குழப்பம் என்று போய் உயிருக்கே ஆபத்தாகலாம். இதற்கு நம் எலுமிச்சை ஊறுகாயை மிஞ்ச ஒன்று இல்லை. ஒரு சின்னத் துண்டை வாயில் அடக்கிக்கொண்டு நடந்தால் உப்பும் கிடைக்கும், எச்சிலும் ஊறும்.

ஓடைத் தண்ணீரை அப்படியே குடிக்கக்கூடாது. அந்தப் பக்கமெல்லாம் மாடுகள் மேய்கிற நிலம். ஃபில்டர் கட்டாயம். ஆனால் மழைக்குப் பிறகு தண்ணீர் காவிக் குழம்பாக வரும், அதை நேரே ஊற்றினால் ஃபில்டர் பத்து நிமிடத்தில் அடைத்துக்கொள்ளும். மடக்கு வாளியில் ராத்திரி முழுக்கத் தெளிய வையுங்கள், ஒரு சிட்டிகை படிகாரம் கலக்கினால் இன்னும் சீக்கிரம் தெளியும். கொலராடோ ஆற்றில் படகு ஓட்டுகிறவர்கள் இன்றைக்கும் அப்படித்தான் செய்கிறார்கள். ஊரில் பாட்டி தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறத்தில் தேய்த்துக் கலங்கல் தண்ணீரைத் தெளிய வைப்பார். அந்த வாளிப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து மண் மெல்ல அடியில் இறங்குவதைப் பார்க்கும்போதெல்லாம் அவர் ஞாபகம் வரும். ஜேக்கப் ஹாம்ப்ளின் வளைவு என்ற இயற்கைப் பாறை வளைவுக்குப் பக்கத்தில் பாறைச் சுவரிலிருந்தே ஓர் ஊற்று வருகிறது, அங்கே போய்விட்டால் இந்தச் சிரமம் இல்லை.

ஏன் பாறையிலிருந்து தண்ணீர் வருகிறது என்று தெரிந்துகொண்டு குடித்தால் அதன் ருசியே வேறு. மேலே இருப்பது நவாஹோ மணற்பாறை. 18 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் இங்கே இருந்த மாபெரும் பாலைவனத்தின் மணல்மேடுகள் இறுகிக் கல்லானது அது. சுவரில் சாய்வாகத் தெரிகிற கோடுகள் அன்றைக்குக் காற்று மணலைத் தள்ளிய கோடுகள். அந்தக் கல்லுக்குள் மழைநீர் மெல்ல இறங்கி, கீழே அவ்வளவாக நீர் புகாத கயென்டா என்ற பாறை அடுக்கில் முட்டி, வேறு வழியில்லாமல் பக்கவாட்டில் கசிந்து வெளியே வருகிறது. கசியும் இடங்களில் சுவரிலேயே பெரணிச் செடிகள் தொங்கும். நீங்கள் நிரப்புகிற ஒரு புட்டித் தண்ணீர் அந்தக் கல்லுக்குள் எவ்வளவு காலம் நடந்ததோ.

பையும் சாப்பாடும்

மொத்தச் சுமை உங்கள் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று வாரம் முன்பிருந்தே அதே எடையைச் சுமந்து மாடிப்படி ஏறி இறங்குங்கள். உடைக்கு, உடம்பை முழுக்க மூடுகிற தொளதொளச் சட்டை, அகல விளிம்புத் தொப்பி. தோலைத் திறந்து வைப்பதுதான் குளுமை என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். பகலில் 28 டிகிரி அடித்த இடத்தில் விடியற்காலை 5 டிகிரிக்குப் போகும், ஏப்ரலில் உறைபனியும் சகஜம், அதனால் குளிர் தாங்கும் ஸ்லீப்பிங் பேக்கும் ஒரு கம்பளிக் குல்லாயும் வேண்டும். கயோட்டி கல்ச்சில் பாதி நேரம் ஓடைக்குள்ளேயே நடை, ஆகவே தண்ணீர் வடிந்துவிடுகிற ஷூவும் மாற்று சாக்ஸும். ஊன்றுகோல் ஒன்று, புதைமணலைக் குத்திப் பார்க்க.

சாப்பாட்டில் நம் ஆட்களுக்கு உண்மையிலேயே கொடுப்பினை இருக்கிறது. அவல், பொட்டுக்கடலை, சத்துமாவு, கடலை மிட்டாய், பருப்புப் பொடி, புளியோதரைப் பொடி, வீட்டிலேயே வறுத்துக் கலந்த உப்புமா மிக்ஸ், எல்லாமே எடை குறைவு, கெடாது, உப்பும் உறைப்பும் உண்டு. முதல் நாள் மத்தியானம் தண்ணீரை மிச்சப்படுத்த வேண்டிய நேரம், அப்போது அவலை லேசாக நனைத்து வெல்லத்தோடு சாப்பிடுங்கள். பாஸ்தாவை வேக வைத்து வடித்துக் கொட்டுகிற வேலையெல்லாம் பாலையில் ஆகாது.

காலை எங்கே வைக்கிறோம்

பாறையில், ஓடை மணலில், ஏற்கெனவே இருக்கிற தடத்தில். இந்த மூன்றில் மட்டும் கால் வையுங்கள். மற்ற தரையில் கறுப்பாக, பொரிந்துபோன மாதிரி, சின்னச் சின்னக் கோபுரம் போல ஒரு மேலோடு தெரியும். அழுக்கு மாதிரி இருந்தாலும் அது உயிர். நீலப்பச்சைப் பாக்டீரியாவும் பாசியும் லைக்கனும் சேர்ந்து நெய்த வலை, மணலைக் காற்றில் போகாமல் பிடித்து வைத்திருப்பது அதுதான். ஒரு காலடி பட்டால் திரும்ப வளரப் பல பத்தாண்டுகள் ஆகும். பாறைக் குழிகளில் மழைத் தண்ணீர் தேங்கியிருந்தால் அதிலும் கையை விடாதீர்கள். வருடக்கணக்கில் காய்ந்து கிடந்த முட்டையிலிருந்து பொரித்த குட்டிக் கூனி இறால்கள் நீந்திக்கொண்டிருக்கும், நம் கையிலிருக்கும் சன்ஸ்கிரீன் அவற்றுக்கு விஷம்.

ஒவ்வொரு அடியையும் பார்த்து வைக்கிற இந்தப் பழக்கம் முதலில் கழுத்தை வலிக்க வைக்கும். இரண்டாம் நாள் கவனித்துப் பாருங்கள், மனசு வேறெங்கும் ஓடுவதில்லை. நான் ஊரில் உட்கார்ந்து மூச்சைக் கவனிக்க வருடக்கணக்காக முயற்சி செய்து வராதது, இந்தக் கறுப்பு மேலோட்டை மிதித்துவிடக் கூடாதே என்கிற கவலையில் தானாக வந்தது.

பாறை இடுக்குகளில் பழங்குடிகளின் பழைய தானியக் களஞ்சியங்களும் ஓவியங்களும் பார்க்கக் கிடைக்கலாம். தொடாதீர்கள், ஓட்டுச் சில்லு ஒன்றைக்கூட எடுக்காதீர்கள். அது சட்டப்படி குற்றம். அதைவிட, ஹோப்பி, சூனி மக்களுக்கு அது முன்னோர் வீடு.

காலையில் ஷூவை உதறிவிட்டுப் போடுங்கள், தேள் இருக்கலாம். பாம்பு தெரிந்தால் நின்று வழி விடுங்கள். அவ்வளவுதான் அந்தப் பயம்.

உண்மையில் பயப்பட வேண்டியது

வெள்ளம். 1997 ஆகஸ்ட் 12 அன்று அரிசோனாவின் ஆண்டிலோப் கேன்யனில், வேறெங்கோ பெய்த மழையின் வெள்ளம் இடுக்குக்குள் பாய்ந்து 11 பேர் இறந்தார்கள். பாறை நிலம் மழையைக் குடிக்காது, பெய்வது அத்தனையும் ஓடையில் இறங்கும். அதனால் தலைக்கு மேல் வானம் நீலமாக இருப்பது எதற்கும் உத்தரவாதம் இல்லை. ஓடையின் மேல்பக்கத்தில் எங்கும் இடி மேகம் தெரிந்தால் ஒடுங்கிய இடங்களுக்குள் நுழையாதீர்கள். தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ, குச்சியும் சருகும் மிதந்து வந்தாலோ, ரயில் வருகிற மாதிரி இரைச்சல் கேட்டாலோ பையைப் பற்றி யோசிக்காமல் மேலே ஏறுங்கள். கூடாரம் போடும்போது சுவரில் பழைய வெள்ளம் விட்டுப்போன சருகுக் கோடு எந்த உயரத்தில் இருக்கிறது என்று தேடி, அதற்கு மேலே போடுங்கள். ஓடை மணல் மெத்தை மாதிரி இருக்கும், ஆசை வரும், வேண்டாம்.

பகல் நிழல்

விடியும்போதே கிளம்பி பத்து, பதினொரு மணிக்குள் நடையை முடித்துவிடுங்கள். அப்புறம் சாயங்காலம் நாலு மணி வரை நிழல். புதியவர்கள் இந்த நேரத்தை வீணான நேரம் என்று நினைத்துத் தூங்கிவிடுகிறார்கள், அல்லது டவுன்லோடு செய்து வைத்த எதையோ பார்க்கிறார்கள். எனக்கு இந்த ஐந்து மணி நேரத்துக்காகத்தான் மற்ற எல்லாமே.

போனை அணைத்துப் பையின் அடியில் போடுங்கள். கூட வந்தவர்களிடம் இரண்டு மணி நேரம் பேசப்போவதில்லை என்று சொல்லிவிட்டு, ஆளுக்கொரு நிழலாகப் பிரிந்து, சுவரில் முதுகைச் சாய்த்து உட்காருங்கள். மந்திரம், முறை எதுவும் தேவையில்லை. முதல் அரை மணி நேரம் கஷ்டமாக இருக்கும். ஆபீஸில் யாரோ சொன்ன ஒரு வார்த்தை, கட்ட வேண்டிய பில், பத்து வருடத்துக்கு முந்தைய ஒரு சண்டை, எல்லாம் வரிசையாக வரும். எழுந்து பையைக் குடைந்து எதையாவது அடுக்கத் தோன்றும். எழுந்திருக்காதீர்கள். மெல்ல மெல்ல அந்தச் சத்தம் தேய்ந்து, ஓடையின் சத்தம் கேட்கும், அப்புறம் அந்தச் சத்தத்துக்குள்ளேயே நாலைந்து விதமான சத்தங்கள் இருப்பது கேட்கும். கேன்யன் ரென் என்ற குட்டிப் பறவை உச்சியில் எங்கோ தொடங்கி, படிப்படியாக ஸ்வரம் இறங்கி வருகிற மாதிரி ஒரு பாட்டுப் பாடும். அது முடிந்த பிறகு வருகிற அமைதிக்கு ஒரு கனம் இருக்கிறது.

நம் மரபில் பாலை என்றால் பிரிவு. யாரும் அங்கே குடியிருக்கப் போவதில்லை, பிரிந்து கடந்து போகிறார்கள், தலைவி வீட்டில் இருந்துகொண்டு அந்த வழியின் வெயிலை நினைத்து உருகுகிறாள். எகிப்தின் கிறிஸ்தவத் துறவி அந்தோணியார் அதற்கு நேர்மாறாக, வனாந்தரத்தையே தேடிப் போய் வாழ்ந்தார். நான் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறேன் என்று நினைக்கிறேன். அங்கே போய்த்தான் வீட்டில் இருப்பவர்களை முழுசாக நினைக்க முடிகிறது. என் அப்பா இறந்து நாலு மாதம் கழித்து ஓர் அக்டோபரில் போனேன். ஊரில் காரியம், கணக்கு, வந்து போகிறவர்கள் என்று அவரை நினைக்கவே நேரம் இருக்கவில்லை. தூத்துக்குடிப் பக்கம் தேரிக்காட்டில் சின்ன வயதில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நடந்த மணலும் இதே சிவப்பு, இரண்டிலும் இரும்புத் துருதான் நிறம். அந்த மத்தியானம் ஜேக்கப் ஹாம்ப்ளின் வளைவுக்கு எதிரே உட்கார்ந்து ஒரு கைப்பிடி மணலை அள்ளி விட்டுக்கொண்டே அவரோடு ரொம்ப நேரம் பேசினேன், வாய்விட்டே. அங்கே அந்த வளைந்த சுவர் நாம் மெதுவாகச் சொல்வதையும் திருப்பித் தரும்.

உங்களுக்கு இப்படி எதுவும் நடக்காமலும் போகலாம். வெறுமனே ஓய்வாக இருக்கலாம். எதையும் எதிர்பார்த்து உட்கார வேண்டாம்.

இரவு

இருட்டும் முன் சமையலை முடித்துவிடுங்கள். தலைவிளக்கை அணைத்து இருபது, முப்பது நிமிடம் சும்மா இருந்தால்தான் கண் முழுசாகப் பழகும். மழை அறிகுறி இல்லையென்றால் கூடாரத்தின் மேல் துணியைக் கழற்றிவிட்டுப் படுங்கள். உலகத்தின் முதல் சர்வதேச இருள்வானப் பூங்காவாக 2007இல் அறிவிக்கப்பட்ட நேச்சுரல் பிரிட்ஜஸ் இருப்பதும் இதே தெற்கு யூட்டாவில்தான், அந்த அளவுக்கு இருட்டு. சுவர்களுக்கு நடுவே வானம் ஒரு பட்டையாகத் தெரியும், பால்வீதி அந்தப் பட்டையைக் கடக்க எடுத்துக்கொள்கிற நேரத்தை வைத்தே பூமி சுற்றுவது புரியும். முதல் இரவு சின்னச் சத்தத்துக்கெல்லாம் விழிப்பு வரும், எலி ஒன்று பையைச் சுரண்டும் (சாப்பாட்டை அது கடிக்க முடியாத டப்பாவில் வையுங்கள்). இரண்டாம் இரவு அதே சத்தம் கேட்டு, எலி என்று தெரிந்து, திரும்பிப் படுப்பீர்கள். எனக்கு அந்தத் திரும்பிப் படுத்தல் ரொம்பப் பிடிக்கும்.

திரும்பும் காலை

ஏற்றமும் மணலும் சேர்ந்து திரும்பும் வழி நீளமாகத் தெரியும், அதனால் இருட்டோடு கிளம்புங்கள். தங்கிய இடத்தில் ஒரு சோற்றுப் பருக்கைகூட இல்லாமல் பார்த்து எடுங்கள். ஓடை மறைகிற கடைசி இடத்தில் நின்று எல்லாப் புட்டிகளையும் நிரப்பிக்கொள்ளுங்கள், தொப்பியை நனைத்துத் தலையில் வையுங்கள். காருக்கு வந்ததும் முதலில் அங்கே வைத்த தண்ணீரைக் குடியுங்கள், ஷூவைக் கழற்றுங்கள். மண் சாலை முடிந்து சிக்னல் வருகிற இடத்தில் வண்டியை ஓரம் கட்டி, ஊரில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்த ஒருவரைக் கூப்பிட்டு, வந்துவிட்டோம் என்று சொல்லுங்கள்.